பரம்பரை நாணயங்கள்: விலை கேட்பதற்கு முன் ஒரு பட்டியல்

இடம்பெயரும்போது மக்கள் கையில் எடுத்தவை காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை. சில குடும்பங்களில் இவற்றோடு ஒரு சிறிய தகரப்பேணியும் சேர்ந்து வந்தது. அதற்குள் பழைய செப்புச் சதங்கள், மலாயாவிலிருந்து வந்த காசுகள், விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபா, யாரோ கோயிலடியில் பொறுக்கிய பச்சைப் பிடித்த செம்புத் துண்டு. சேர்த்த பெரியவர் இப்போது இல்லை. எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லாமல் பேணி மட்டும் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ இருக்கிறது.

அவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதற்கு ஏதும் பெறுமதி இருக்கிறதா? சிலவற்றுக்கு இருக்கும், பலவற்றுக்கு இராது. ஆனால் பெறுமதி உள்ளதும் கைதவறிப் போவது பெரும்பாலும் நாங்கள் செய்யும் வேலைகளின் ஒழுங்கு பிழைப்பதால்தான். முதலில் துலக்குகிறோம், பிறகு யாரிடமாவது விலை கேட்கிறோம், விற்ற பிறகே அது என்ன என்று தேடுகிறோம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினால் போதும். முதலில் எழுதிவைத்தல், அடுத்து அடையாளம் காணுதல், அதன் பின் விலை. துலக்குதல் என்ற வேலையே இந்த ஒழுங்கில் இல்லை.

துலக்காதீர்கள்

குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய கைகளுக்கு, கறுத்த காசைக் கண்டால் சும்மா இருக்க மனம் வராது. ஆனால் பழப்புளி, தேசிக்காய், பற்பசை, கடையில் விற்கும் உலோகப் பொலிஷ் எதுவானாலும் நாணயத்தின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படையை அரித்துவிடும். பல ஆண்டுகளாக இயற்கையாகப் படிந்த கபில நிறமும் கருமையும் சேகரிப்பாளர்கள் விரும்புபவை. நாணயம் கைபடாமல் இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. துலக்கிய நாணயத்தை அனுபவமுள்ளவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடிப்பார். அதன் சேகரிப்புப் பெறுமதி பெரிதாகக் குறைந்துவிடும். போன மேற்பரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

பத்தரிடம் கொண்டுபோகும்போதும் கவனம் வேண்டும். தங்கமா என்று அறிய உரைகல்லில் உரைப்பது நகைக்குச் சரி. நாணயத்தின் விளிம்பில் விழும் அந்தக் கீறல் அதற்கு நிரந்தரக் காயம். தராசில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள், உரைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாணயத்தைத் தூக்கும்போது பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விளிம்பில் பிடியுங்கள். முகப்பில் விரல் படக்கூடாது, வியர்வையின் உப்பு செம்பிலே பதிந்துவிடும். கீழே ஒரு மடித்த துவாயை விரித்துக்கொண்டால் தவறி விழுந்தாலும் பாதிப்பில்லை.

மண்ணுக்குள் இருந்து வந்தவை

போர்க்காலத்தில் காசையும் நகையையும் வளவுக்குள் புதைத்துவிட்டு ஓடியவர்கள் பலர். மீள்குடியேறிய பின் எடுத்த நாணயங்களில் மண்ணும் உப்பும் ஏறியிருக்கும். செம்பின் மேல் கடினமாக ஒட்டிய கரும்பச்சைப் படை பெரும்பாலும் நிலையானது, அதைச் சுரண்ட வேண்டாம். இளம்பச்சை நிறத்தில் மாப்போலப் பொருமி, தொட்டால் உதிரும் களிம்பு வேறு வகை. அது ஈரக்காற்றில் தொடர்ந்து வளர்ந்து நாணயத்தையே தின்றுவிடும். அப்படியானதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பக்கெற்றோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பழமையான நாணயமாகத் தெரிந்தால் தொல்லியல் தெரிந்தவரிடம் காட்டும்வரை வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். புதைத்த பெட்டியை இன்னும் எடுக்காதவர்கள், சண்டை நடந்த நிலத்தில், கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத இடத்தில் தாமாகத் தோண்டக்கூடாது. மண்ணுக்குள் உலோகம் தட்டுப்பட்டால் அது காசுப்பேணி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவித்து, இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகே கைவையுங்கள்.

பட்டியல்

ஒரு கொப்பியும் கைத்தொலைபேசியும் போதும். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து இரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஆண்டு, நாட்டின் பெயர், பெறுமதி, நிறம், விட்டம், நிறை ஆகியவற்றை எழுதுங்கள். நிறை கிராமில் இரண்டு தசமதானங்களுக்கு வேண்டும், நகைக்கடைத் தராசு அதைக் காட்டும். காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். தங்கம், வெள்ளி, செம்பு மூன்றிலும் காந்தம் ஒட்டாது. வெள்ளி என்று சொல்லப்படும் காசில் ஒட்டினால் அது வெள்ளியல்ல.

பிறகு, பலரும் விட்டுவிடும் பகுதி: இது யாருடையது, எப்படி வந்தது? அப்பப்பா மலாயா ரயில்வேயில் வேலை செய்தபோது கொண்டுவந்ததா? அம்மம்மாவின் சீதனத்தோடு வந்ததா? கிணறு வெட்டும்போது கிடைத்ததா? வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரை இருத்தி, ஒவ்வொரு நாணயமாகக் காட்டிக் கேளுங்கள், குரலைப் பதிவுசெய்யுங்கள். நாணயங்கள் சுற்றியிருந்த தாள், கடித உறை, பென்சிலால் எழுதிய துண்டு எதையும் எறிய வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் இழந்த குடும்பத்துக்கு, முன்னோர் எங்கே உழைத்தார்கள், எந்த ஊர்களுக்குப் போய்வந்தார்கள் என்பதற்குக் கடைசிச் சான்றாக இந்தப் பேணி இருக்கக்கூடும். விற்றாலும் பிரித்தாலும், பட்டியல் இருந்தால் அந்தக் கதை குடும்பத்தோடு தங்கும்.

படங்களின் பிரதி ஒன்றை வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ உள்ள நம்பிக்கையான உறவினருக்கு அனுப்பிவையுங்கள். பட்டியலை முகநூலில் போட வேண்டாம். கள்வருக்கும் அது வாசிக்கக் கிடைக்கும்.

பேணிக்குள் என்ன இருக்கலாம்

ஆங்கிலேயர் காலச் சதங்கள். இலங்கையில் ரூபாவும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தன, செப்பு நாணயங்களில் 1870 என்ற ஆண்டே காணப்படும். ஒரு பக்கத்தில் விக்டோரியாவின் தலை, மறுபக்கத்தில் ஒரு மரம். பார்ப்பவர்கள் தென்னை அல்லது எங்கள் பனை என்று நினைப்பார்கள், அது கூந்தற்பனை. மரத்தின் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி பொறிக்கப்பட்டிருக்கும். இவை பெருமளவில் அடிக்கப்பட்டவை, தேய்ந்த நிலையில் விலை அதிகமில்லை.

வெள்ளிச் சதங்கள். 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் 1892இல் வந்தன. தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி, 1919இலிருந்து 55 பங்கு. 50 சதத்தின் நிறை 5.83 கிராம். முதல் வகையில் ஏறக்குறைய 4.66 கிராமும் அடுத்த வகையில் 3.2 கிராமும் தூய வெள்ளி உண்டு. 1943இலிருந்து 25, 50 சதங்கள் நிக்கல் பித்தளையில் வந்தன, அவற்றில் வெள்ளி இல்லை. எலிசபெத் மகாராணியின் தலையோடு இலங்கையில் புழங்கியது நெளிந்த விளிம்புள்ள 2 சதம் மட்டுமே (1955, 1957). அபூர்வம் என்று சொல்லி யாராவது விலை கூட்டினால் நம்ப வேண்டாம், அதுவும் தாராளமாகக் கிடைப்பதே.

1957ஆம் ஆண்டின் 5 ரூபா. புத்த ஜயந்தி நினைவாக வெளியான பெரிய வெள்ளி நாணயம். நிறை 28.28 கிராம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. அதாவது தூய வெள்ளி 26 கிராமுக்குச் சற்று மேல். பழைய காசு என்று கிலோக் கணக்கில் விலைபோகக் கூடாத ஒன்று. அதே ஆண்டின் 1 ரூபா நினைவு நாணயத்தில் வெள்ளி கிடையாது.

இந்திய ரூபா. இலங்கையிலும் புழங்கியதால் பல வீடுகளில் இருக்கும். நிறை 11.66 கிராம். 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, 1940 முதல் 1945 வரை 50 பங்கு. 1947ஆம் ஆண்டு ரூபா நிக்கல். ஆண்டை வாசிக்காமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கேட்பவர் உங்கள் நல்ல ரூபாவைக் கூடாத ரூபாவின் விலைக்குக் கேட்கிறார் என்று பொருள்.

தங்கப் பவுண். பிரித்தானியச் சவரனின் நிறை 7.98 கிராம், 22 கரட். நாங்கள் இன்று நகைக்குப் பவுண் என்று 8 கிராமைச் சொல்வதன் வேர் இதுதான். குதிரையேறிய வீரன் வேதாளத்தைக் குத்தும் உருவம் பலவற்றில் இருக்கும். தாலிக்கொடியிலோ சங்கிலியிலோ கோக்க வளையம் ஒட்டிய பவுணுக்குத் தங்கப் பெறுமதி மட்டுமே. ஒட்டாததென்றால் ஆண்டையும் அச்சகக் குறியையும் பார்க்காமல் உருக்கக் கொடுக்காதீர்கள்.

மலாயாக் காசும் தாளும். மலாயாவில் எழுதுவினைஞராகவும் ரயில்வேயிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தார் கொண்டுவந்தவை. சதுர வடிவ ஒரு சதம் பரவலாகக் கிடைப்பது, விலை குறைவு. நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி டொலரும் மலாயாவின் 10, 20 சதங்களும் ஆண்டைப் பொறுத்து வெள்ளியளவு மாறுபவை. யப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்து வாழைமரத் தாள்கள் யப்பான் தோற்றவுடனேயே காசு என்ற மதிப்பை இழந்தன. கட்டுக்கட்டாக எஞ்சியதால் இன்றும் மலிவு.

ஒல்லாந்தர் காசு. வீ, ஓ, சீ என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் செப்புக் காசு. துட்டு என்ற எங்கள் சொல்லே இந்தக் காசின் டச்சுப் பெயரிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலேயே அடித்த தடித்த செப்புக் காசுகளும் உண்டு. அவற்றில் அடித்த இடத்தின் முதலெழுத்து இருக்கும், யாழ்ப்பாணத்துக்கு ஐ. காலிக் கோட்டைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் போலிகளும் ஏராளம் என்பதால் நிறையைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

சேதுக் காசு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் சேது என்ற சொல். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த இராச்சியத்தின் பெயரைச் சுமக்கும் செம்புத் துண்டு இது. சந்தை விலை எதுவானாலும், எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருந்தால் வரலாற்றுக்கு அதன் பெறுமதி பலமடங்கு.

வீட்டில் எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை என்று நினைப்பது இயல்பு. நாணயத்தில் அது பிழை. எங்கள் கரையோரங்களில் கிடைக்கும் சிறிய உரோமச் செப்புக் காசுகள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழையவை, ஆனாலும் தேய்ந்தவை உலகச் சந்தையில் மலிவு. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

விலையை அறிவது எப்படி

வெள்ளி, தங்க நாணயங்களுக்கு அடிமட்ட விலையை நீங்களே கணக்கிடலாம். நாணயத்தின் நிறையை அதன் தூய்மைப் பங்கால் பெருக்கி, அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். வாங்குபவர் இதில் சிறிது கழித்துத்தான் தருவார். ஆனால் இதன் பாதியைச் சொல்பவரிடம் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சேகரிப்புப் பெறுமதிக்கு, நியூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் படத்தையும் ஆண்டையும் ஒப்பிட்டு நாணயத்தை அடையாளம் காணலாம், கட்டணமில்லை. கிராவ்ஸ் நிறுவனத்தின் உலக நாணயப் பட்டியல் நூல் பழைய பதிப்பானாலும் வகையையும் உலோகத்தையும் அறிய உதவும். இலங்கை நாணயங்களுக்கு எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் அடிப்படை. ஈழத்துத் தமிழ் அரசர்களின் நாணயங்கள் பற்றிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் எழுதியிருக்கிறார்.

இணையச் சந்தையில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவை என்ற பிரிவைத் திறந்து, உங்களுடையதைப் போலத் தேய்ந்த நாணயம் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று ஐந்தாறு விற்பனைகளைப் பாருங்கள். கைபடாத நாணயத்தின் விலையைத் தேய்ந்த நாணயத்துக்கு எதிர்பார்ப்பதுதான் பலரும் ஏமாறும் இடம்.

நேரில் பார்த்து ஒப்பிட, கொழும்புக் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாவலர் வீதியில் தொல்பொருள் நூதனசாலை உண்டு. சேதுக் காசு போன்ற பழமையானவை என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களை அணுகலாம். இவர்கள் என்ன நாணயம் என்று சொல்வார்கள், விலை சொல்வது அவர்கள் வேலையல்ல. விலைக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கேளுங்கள். பேணியை முழுதாகக் கொண்டுபோகாமல் பட்டியலையும் படங்களையும் காட்டுங்கள். மொத்தமாக இவ்வளவு என்று சொல்பவரிடம் இலக்கவாரியாகச் சொல்லுமாறு கேளுங்கள். பேணியில் ஐந்து நல்ல நாணயங்கள் இருக்க, ஐந்நூறு சாதாரண நாணயங்களின் விலைக்கு அவற்றையும் வாங்குவது பழைய தந்திரம்.

ஏமாற்றுகள்

இந்த ஒரு காசு இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி என்று சொல்லும் தமிழ்க் காணொளிகள் பல தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. அதை நம்பித் தொடர்புகொள்பவரிடம் பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி என்று பணம் கேட்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கி தன் பெயரைப் பயன்படுத்தி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஓகஸ்டில் பகிரங்கமாக எச்சரித்தது. உண்மையில் வாங்குபவர் உங்களுக்குத்தான் பணம் தருவார். விற்பவரிடம் முற்பணம் கேட்பவர் எவரானாலும் கள்ளர்.

இராமர், சீதை, இலக்குவன் உருவத்தோடு 1818 என்று ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பனிக் காசும் அப்படியே. அப்படியொரு நாணயத்தைக் கம்பனி வெளியிடவில்லை, அது யாத்திரைத் தலங்களில் விற்ற வில்லை. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் உள்ள காசு என்பவை வெறும் மோசடி. இவற்றை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் உண்டு.

சட்டம்

இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. ஒல்லாந்தர் காசும் சேதுக் காசும் இதற்குள் வரும். நிலத்துக்கடியில் கண்டெடுக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது, காணி உங்களுடையதாக இருந்தாலும். கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது பழங்காசு கிடைத்தால் அறிவிக்க வேண்டும். புதையல் தேடித் தோண்டுவது குற்றம். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. விடுமுறைக்கு வந்த தம்பியின் பயணப்பெட்டியில் பேணியைப் போட்டுவிடுவது விமான நிலையத்தில் பெரிய வில்லங்கமாகலாம். முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். குடும்பத்தில் வழிவழியாக வந்தது என்று காட்டவும் முன்பு சொன்ன பட்டியலும் பழைய கடித உறையுமே உதவும்.

யாருடையது?

பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கும்போது பேணி ஒருவரின் கையில் இருப்பது இயல்பு. ஆனால் அவர் தனியே விற்றால், தொகை சிறிதானாலும் மனத்தாங்கல் பெரிதாகும். படங்களோடு பட்டியலை எல்லோருக்கும் அனுப்பி, ஒரே நாளில் மதிப்பிட்ட விலையை எழுதி, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டுப் பிரிப்பது நல்லது. நினைவுக்காக ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு மிகுதியை விற்பதும் ஒரு வழி. பெறுமதி பெரிதென்றால் முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்ற கேள்வி தேசவழமையில் முக்கியமாகும். அப்போது சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சேர்த்தவர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால் நிலைமை வேறு. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்காக, 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவர் காணாமற்போயுள்ளார் என்று பதிவுசெய்யும் சான்றிதழுக்கு வழிசெய்தது. அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே அவருடைய சொத்து விடயங்களைக் குடும்பம் கவனிக்க அது உதவுகிறது. அதை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அந்தக் குடும்பத்தின் விருப்பம். மகன் வந்து கேட்பான் என்று பேணியை அலுமாரியில் வைத்திருக்கும் தாயிடம் விலை பேசும் உரிமை எந்த உறவினருக்கும் இல்லை. அவர் சம்மதித்தால் பட்டியல் மட்டும் எழுதி, பேணியை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

வைத்திருப்பதென்றால்

விற்காமல் வைத்திருப்பதும் ஒரு தீர்மானம்தான். மென்மையான, மணக்கும் பிளாஸ்திக் உறைகளைத் தவிருங்கள். அவற்றிலிருந்து வரும் இரசாயனம் நாணயத்தில் பச்சைப் பிசினாகப் படியும். சிறிய கடதாசி உறை ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம், உறையின் மேல் பட்டியல் இலக்கம். நாணயத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே இலக்கத்தை எழுதுங்கள். எல்லா உறைகளையும் மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்று கடுமை என்பதால் மாரி தொடங்கு முன்னும் முடிந்த பின்னும் ஒருமுறை திறந்து பார்த்து, ஜெல்லை மாற்றுங்கள். பட்டியலின் ஒரு பிரதியை டப்பாவுக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வையுங்கள். அடுத்ததாக அந்த மூடியைத் திறக்கும் பிள்ளைக்கு, யாரிடம் கேட்பது என்று தேட வேண்டிய நிலை வராது.